வளையத்து எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்: ஜெர்மன் போர்ப் பதக்கங்கள், கேள்வி பதில்

கேள்வி: அயர்ன் கிராஸ் என்ற ஜெர்மன் இரும்புச் சிலுவைப் பதக்கம், இரண்டாம் வகுப்பு, ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ரிப்பன் வளையத்தில் 65 என்று பொறித்திருக்கிறது. யார் செய்தது? அசல்தானா?

பதில்: 65 என்பது ஈடார்-ஓபர்ஷ்டைன் ஊரின் க்ளைன் - க்வென்ட்ஸர் கம்பெனி எண். அசலா என்பதற்கு அந்த எண் சாட்சி ஆகாது. வளையத்தைக் கழற்றி வேறொன்றில் மாட்டிவிடலாம். போலி செய்பவர்கள் மறக்காமல் பொறிப்பதும் அந்த எண்ணைத்தான்.

சிலுவையைக் கையில் எடுங்கள். 1939 மாடல் மூன்று துண்டுகளால் ஆனது: கறுப்புப் பூச்சுள்ள இரும்புத் தகடு நடுவில், அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கும் இரண்டு சட்டங்கள். பத்து மடங்கு லென்ஸ் வைத்து விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சட்டங்களைப் பற்றவைத்த இடத்தை எவ்வளவு ராவித் தேய்த்திருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் மயிரிழைபோல் கோடு தெரியும். சட்டமும் தகடும் சேரும் இடுக்கில் துரு எட்டிப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஒரே வார்ப்பாக ஊற்றிய போலியில் அந்த இடுக்கே இருக்காது. 1939 என்ற இலக்கங்கள் கரைந்த சோப்புபோல் மொழுக்கென்று இருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். காந்தத்தையும் வைத்துப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரும்பில்லாத நடுத்தகடு வைத்த அசல்களும் உண்டு.

கேள்வி: என்னிடம் எல்/11 என்று போட்ட சிலுவை இருக்கிறது. ஒரு பட்டியலில் 11 என்றால் வியன்னா கம்பெனி என்கிறார்கள், இன்னொன்றில் லூடன்ஷைட் என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான், அவை வேறு வேறு பட்டியல்கள். அரசு வழங்கிய விருதுகளுக்கு வெறும் எண். வீரர்கள் கடையில் சொந்தக் காசில் வாங்கிய கூடுதல் பிரதிகளுக்கு, 1941 முதல், 'எல்' எழுத்தும் சாய்கோடும் சேர்ந்த எண். எல்/11 லூடன்ஷைட்டின் வில்ஹெல்ம் டொய்மர். அதே டொய்மருக்கு வெறும் எண் 3. எல் இல்லாத 11தான் வியன்னாவின் குரோஸ்மன்.

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து இத்தாலி போர்முனைக்குப் போனவர். அவர் பெட்டியில் ஹெல்மெட் படம் போட்ட ஒரு ஜெர்மன் பேட்ஜ் கிடைத்தது. வெள்ளி என்றார் அப்பா, ஆனால் சாம்பல் நிறமாக இருக்கிறது. போலியா? புளி போட்டுத் துலக்கலாமா?

பதில்: தயவுசெய்து புளி போடாதீர்கள்! அது காயம்பட்டவர்களுக்குக் கொடுத்த பேட்ஜ். ஒன்று இரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி நிறம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் தங்க நிறம். போர் நீள நீள, செம்புக் கலவைக்குத் தட்டுப்பாடு வந்து, துத்தநாகத்தில் செய்து மேலே மெல்லிய வெள்ளி நிறப் பூச்சுக் கொடுத்தார்கள். அந்தப் பூச்சு காலப்போக்கில் மறைந்து உலோகம் சாம்பல் பூத்துவிடும். அதனால் அந்த நிறத்தை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். புளியின் அமிலம் மிச்சமிருக்கும் பூச்சையும் துத்தநாகத்தையும் சேர்த்தே அரித்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியை மட்டும் ஒற்றியெடுங்கள். பின்பக்கம் ஊசி, கீல், கொக்கி மூன்றும் ஒரே மாதிரி முதுமை அடைந்திருக்கிறதா பாருங்கள்.

தாத்தாவின் டிஸ்சார்ஜ் காகிதம் இருந்தால் பேட்ஜோடு சேர்த்தே வையுங்கள். பேட்ஜை விட அது எனக்குப் பெரிது. அந்தப் படைப்பிரிவின் சுபேதார் சுப்ரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டவர். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது நேரடியாக வழங்கப்பட்ட முதல் இந்தியர் அவர்.

கேள்வி: அல்ட்ராவயலட் லைட்டில் ரிப்பன் ஒளிர்ந்தது. போலி என்று முடிவு கட்டலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். செயற்கை நூல் ஒளிரும், உண்மைதான். ஆனால் இன்றைய சலவைத் தூளில் துவைத்த பழைய பருத்தி ரிப்பனும் பளிச்சென்று ஒளிரும். மேலும் ரிப்பன் மாற்றக்கூடியது.

கேள்வி: ஸ்வஸ்திகா இல்லாத பேட்ஜ், முத்திரை பழைய கம்பெனியுடையது. அழித்துவிட்டார்களா?

பதில்: அழித்திருக்க மாட்டார்கள். 1957இல் மேற்கு ஜெர்மனி சட்டம் கொண்டுவந்து, நாஜிச் சின்னம் நீக்கிய வடிவத்தில் பழைய விருதுகளை அணிய அனுமதித்தது. அந்த வடிவத்தைச் செய்தவர்களில் போர்க்காலத்து ஷ்டைன்ஹவர் - ல்யூக் கம்பெனியும் உண்டு. கம்பெனி உண்மை, பொருளும் உண்மை, ஆனால் போர்க்காலத்தது அல்ல. விற்பவர் போர்க்கால விலை சொன்னால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: அண்ணா, நேதாஜியின் ஆசாத் ஹிந்த் பதக்கம் என்று ஒருவர் கொண்டுவந்தார். வியன்னாவில் செய்தது என்கிறார். ஜெர்மன் ஆட்சியில் அங்கே செய்தது இந்தியப் பதக்கமாக இருக்க முடியுமா?

பதில்: முடியும் தம்பி. 1942இல் நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது ஏற்படுத்தியவை அவை. வியன்னாவின் ருடால்ஃப் சூவல் தயாரித்தது. ஏமாறுபவர்கள் அதிகம் இருப்பதும் இங்கேதான். போருக்குப் பிறகும் அதே கம்பெனி அதே அச்சுகளில் அடித்து விற்றது. அதனால் அச்சும் சரியாக இருக்கும், விவரமும் சரியாக இருக்கும், லென்ஸ் வைத்தாலும் குறை தெரியாது. நம்மவர்கள் உணர்ச்சிவசப்பட்டு வாங்குகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். காகிதமோ பழைய புகைப்படமோ காட்ட முடியாவிட்டால், பிற்காலத்தில் அடித்தது என்றே எடுத்துக்கொண்டு அந்த விலையைக் கேளுங்கள்.