கிராம சபையில் பேசியது புத்தகத்தில் ஏறியதா?

கிராம சபை முடிந்த மறுவாரம் வரும் கடிதங்களில் பாதி பதிவேட்டைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் சில.

'தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்கிறோம்' என்கிறார் ஊராட்சி செயலர். ஒத்துக்கொள்ளலாமா?

கூடாது. கூட்டம் கலைந்தபின் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால், நீங்கள் சொன்னது எந்த வடிவில் ஏறும் என்பது எழுதுகிறவர் கையில் போய்விடும். அங்கேயே எழுதச் சொல்லுங்கள், எழுதியதை மைக்கில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது வாசகத்தைக் கவனியுங்கள். 'குடிநீர் வசதி செய்து தர வேண்டும்' என்ற வரி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 'மேலத்தெரு மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் பழுது, உடனே சரிசெய்ய வேண்டும்' என்று இருந்தால்தான் அடுத்த கூட்டத்தில் 'என்ன ஆச்சு?' என்று கேட்க முடியும். தீர்மான எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்று வரிகள் கிடந்தால், கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். தயக்கம் காட்டினால் கூட்டத்துக்கு வந்திருக்கும் பற்றாளரிடம் சொல்லுங்கள். கூட்டம் முறையாக நடக்கிறதா என்று பார்க்கத்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். கோரிக்கையை மனுவாகவும் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

வந்தது முப்பது பேர். பதிவேட்டில் நூறு கையெழுத்துக்கு மேல் இருக்கிறதாம். எப்படி?

குறைவெண் வரம்பு, அதாவது குறைந்தது இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு, இருப்பதால்தான். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆள் சேரவில்லையென்றால் பதிவேடு வீடு வீடாகப் போகும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும் போகும். கூட்டத்துக்குப் போகாமல் வீட்டு வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு 'பொய்க் கணக்கு' என்று சொல்வதில் அர்த்தமில்லை. நீங்கள் போடும்போது மேலே கூட்டத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கலாம்.

நகல் எப்படிக் கேட்பது? எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்ல வேண்டாம். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(2)-இன்படி காரணம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ஆள் மாறிப் போனாலும் 5 நாளில் உரியவருக்கு மாற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

பலர் கோட்டை விடுவது கேள்வியில். 'ஏன் தீர்மானத்தை நிறைவேற்றவில்லை?' என்று கேட்டால் பதில் வராது, அல்லது மழுப்பலாக வரும். 'இன்ன தேதி கிராம சபையின் வருகைப் பதிவேடு, தீர்மானப் பக்கங்கள், அன்று வைக்கப்பட்ட படிவம் 30 வரவு செலவு அறிக்கை: சான்றிட்ட நகல்' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகும். நேரில் போய்ப் புரட்டிப் பார்க்கவும் பிரிவு 2(j)-இல் உரிமை உண்டு, குறிப்பும் எடுத்துக்கொள்ளலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

'பழைய புத்தகம் காணவில்லை' என்று பதில் வந்திருக்கிறது. விட்டுவிடுவதா?

விடாதீர்கள். தகவல் தர மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் 'காணவில்லை' கிடையாது. 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றமும், ஆவணம் தொலைந்ததென்றால் விசாரித்துப் பொறுப்பாளியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் சொன்னது. மேல்முறையீட்டில் இதையே கேளுங்கள்: புத்தகம் கடைசியாக யார் பொறுப்பில் இருந்தது, பொறுப்பு மாறியபோது ஒப்படைத்த பட்டியல் எங்கே, போலீஸில் புகார் கொடுத்தார்களா? இந்த மூன்றையும் கேட்டபின் புத்தகம் அலமாரியிலிருந்து கிடைத்துவிடுவது உண்டு! வேண்டுமென்றே ஆவணத்தை அழித்தால் ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்கலாம்.

எங்கள் ஊரில் தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்தான் இருக்கிறார். கிராம சபை உண்டா?

உண்டு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. முடிந்தது மன்றத்தின் காலம்தான். கிராம சபை என்பது வாக்காளர்கள் எல்லோரும் சேர்ந்தது, அதற்குக் காலாவதி இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களுக்கும் இதே பதிவேடு, இதே நடைமுறைதான்.

நாங்கள் நகராட்சியில் இருக்கிறோம். எங்களுக்கு?

2022 விதிகளின்படி வார்டுக்குள் பகுதி சபை, அதற்கு மேல் வார்டு குழு. மன்றக் கூட்டத்தைப் பொறுத்தவரை, கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததா, நடவடிக்கைக் குறிப்பு பார்வைக்குக் கிடைக்குமா என்பதைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டம் 4(1)(ஆ). வெளியிடவில்லையா? மேலே சொன்ன அதே 10 ரூபாய் மனுவை நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள்.