அப்ளிக் குவில்ட் (வெட்டிய துணியை இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்து, பஞ்சு விரிப்போடு சேர்த்துத் தைப்பது) வகுப்பில் முதல் டிசைனாக எதைக் கொடுக்கலாம்? மாணவிகளுக்கு வளைவு முனை முனையாக வருகிறது, கூர்முனை பிரிகிறது. என்ன செய்வது?

ஹவாய் முறையில் ஒரு குஷன் உறை, அதிலும் ஈரப்பலா இலை டிசைன் கொடுங்கள். பூக்கொத்தும் பறவையும் பிறகு வரட்டும். இந்த முறையில் துணியை எட்டாக மடித்து வெட்டுவதால், காகிதத்தில் எட்டில் ஒரு பங்குதான் வரைகிறோம். தைக்கும்போது அதே வளைவு, அதே முனை, அதே பள்ளம் எட்டு முறை வரும்: நான்கு ஒரு பக்கமாக, நான்கு கண்ணாடியில் தெரிவதுபோல் மறுபக்கமாக. முதல் இலையில் திணறும் கை ஐந்தாவது இலைக்குள் பழகிவிடும். டிசைன் போடவும் இதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

ஹவாய்க்கு 1820-ல் வந்த அமெரிக்க மிஷனரிப் பெண்கள் கற்றுக்கொடுத்தது துண்டுத்துணிகளை இணைக்கும் தையல். முழுத்துணியை எட்டாக மடித்து வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் பாணி அந்தத் தீவுகளில் பிறகு உருவானது. ஈரப்பலாவை அங்கே ‘உலு’ என்பார்கள். முதல் குவில்ட்டுக்கு உலு எடுப்பது அவர்கள் வழக்கம்.

18 இன்ச் குஷனுக்கு இரண்டு நிறத்தில் 20 இன்ச் சதுரத் துணிகள் வேண்டும். நூறு சதவீதப் பருத்தியாக இருக்கட்டும், பாப்ளினோ கேம்ப்ரிக்கோ போதும். பாலியஸ்டர் கலந்தால் மடிப்பு நிற்காது, வாயில் (voile) போன்ற மெல்லிய துணி என்றால் அடித்துணியின் நிறம் மேலே தெரியும். இரண்டையும் தனித்தனியாக அலசி, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அடர் சிவப்பையும் கருநீலத்தையும் நம்பவே கூடாது.

மேல்துணியைப் பாதியாக, கால்பாகமாக, பிறகு மூலைவாட்டில் முக்கோணமாக மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் இஸ்திரி போடுங்கள். மடிப்புகள் எல்லாம் கூடும் நுனிதான் மையம். அங்கே பென்சிலால் புள்ளி வைத்து, காகித வடிவத்தின் மைய நுனியை அதில் பொருத்தி வரையுங்கள். திறந்த ஓரத்தை மையப் பக்கம் என்று நினைத்து வெட்டினால் டிசைன் துண்டு துண்டாகக் கையில் வரும். வகுப்பில் ஒருவராவது இதைச் செய்வார்கள், அதனால் கத்தரிக்கோல் எடுக்கும் முன் ஒவ்வொருவர் மடிப்பையும் பார்த்துவிடுங்கள்.

ஹவாய் முறையில் மடிப்புக்கென்று தனியாக ஓரம் விடுவதில்லை. வரைந்த கோட்டிலேயே வெட்டி, அரைக்கால் இன்ச் உள்ளே மடிக்கிறோம். அரை இன்ச் அகலக் காம்பு தைத்து முடித்தால் கால் இன்ச்தான் இருக்கும். அதைவிட மெல்லியதாக எதையும் வரைய விடாதீர்கள்.

அடித்துணியையும் அதே மாதிரி மடித்துத் தேய்த்து, மடிப்புக் கோடுகளைப் பொருத்தி மேல்துணியை விரியுங்கள். மையத்திலிருந்து வெளியே பெரிய ஓட்டுத்தையல் போட்டுவிட்டு, ஓரத்திலிருந்து கால் இன்ச் உள்ளே சுற்றிலும் ஒரு ஓட்டு. ஓரத்தை ஒட்டிப் போட்டால் உள்ளே மடிக்க இடம் இருக்காது. குண்டூசியை மட்டும் நம்பினால் துணி நகர்ந்து சுருக்கம் விழும். முதல் வகுப்பு முழுவதும் இதற்கே போகட்டும். அவசரப்படுத்துவது ஆசிரியர் செய்யும் பெரிய தவறு.

பத்தாம் நம்பர் மெல்லிய ஊசி, 60-ஆம் நம்பர் பருத்தி நூல் எடுங்கள். நூல் மேல்துணியின் நிறத்தில், 18 இன்ச் நீளத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். இலையின் அதிகம் வளையாத பக்கத்தில் தொடங்குங்கள், முனையில் வேண்டாம். ஊசியால் அரை இன்ச் தூரத்துக்கு மட்டும் ஓரத்தை உள்ளே தள்ளி, பெருவிரலால் அழுத்திப் பிடியுங்கள். மடிப்பில் இரண்டு மூன்று இழையை மட்டும் பிடித்து ஊசியை மேலே எடுத்து, அதற்கு நேர் எதிரே அடித்துணியில் இறக்குங்கள். நூல் அடுத்த தையலுக்கு நகர்வது எல்லாம் பின்பக்கம்தான்.

வளைவு உடைவது ஒரேயடியாக நீளமாக மடிப்பதால்தான். உள்ளே போன ஓரம் கொசுவமாகக் குவிந்து வெளியே முனையாகத் தள்ளுகிறது. ஊசி நுனியை மடிப்புக்குள் விட்டு அந்தக் கொசுவத்தை விசிறிபோல் பரப்பி, அந்த இடத்தில் ஒவ்வொரு தையலாக மடித்துப் போங்கள். வெளிவளைவில் கத்தரிக்கவே கூடாது.

உள்பள்ளத்தில் ஒரே ஒரு வெட்டு, மடிப்புக் கோட்டுக்கு இரண்டு இழை முன்னால் நிற்க வேண்டும். பள்ளத்தின் அடியில் மட்டும் மூன்று தையல், சற்று ஆழமாகப் பிடித்து நெருக்கமாக. துணியின் இழை பிரிவது பெரும்பாலும் வெட்டினால் அல்ல, அந்த இடத்தை ஊசியால் திரும்பத் திரும்பக் கிளறுவதால். ஒரே தள்ளில் மடிந்துவிட வேண்டும்.

கூர்முனையில் நுனி வரை தைத்து, அதே இடத்தில் இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள். அடியில் காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் துணி நுனியைக் கத்தரித்துவிட்டு, பிறகு மறுபக்கத்தை உள்ளே தள்ளுங்கள். அந்தக் காதை விட்டுவிட்டால் முனை மொட்டையாகத் தடித்துவிடும்.

குவில்ட் தையலுக்கு நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் நான்கு இன்ச் கட்டங்களாக ஓட்டுப் போட்டு இணைத்து, மையத்திலிருந்து வெளியே போங்கள். முதலில் இலை ஓரத்தை ஒட்டி ஒரு சுற்று, பிறகு அரை இன்ச் இடைவெளியில் அதே வடிவம் அலை அலையாக ஓரம் வரை. கண் பழகியவர்கள் விரல் அகலத்தை வைத்தே அளப்பார்கள், புதியவர்களுக்குக் கோடு வரைந்து கொடுங்கள். தண்ணீரில் அழியும் பேனா என்றால், கோட்டை அலசி எடுக்கும் முன் இஸ்திரி பட விடாதீர்கள். சூடு பட்டால் அந்தக் கோடு போகவே போகாது.