கண்டாங்கிக் கட்டத்தில் வானவில்: பழைய டிவிடியும் புது 4கே டிவியும்

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு கானாடுகாத்தானில். 2004-இல் நடந்த ஐயாவின் சாந்திக் கல்யாணத்தை வீடியோக்காரர் இரண்டு டிவிடிகளில் கொடுத்திருந்தார். ஐயா இப்போது இல்லை. வரும் பொங்கலுக்கு உறவெல்லாம் ஊருக்கு வருகிறார்கள். எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று 55 அங்குல 4கே டிவி வாங்கினோம். பழைய பிளேயரை மஞ்சள் ஒயரில் மாட்டிப் போட்டால் படம் கலங்கலாகத் தெரிகிறது. பெண்கள் கட்டியிருக்கும் கண்டாங்கிச் சேலைகள் மேல் கலர் கலராக ஏதோ மின்னுகிறது. அப்பத்தா பார்த்துவிட்டு, "அவுக முகம் ஏன் இப்படி உப்பிக் கிடக்கு? ஒல்லியாத்தானே இருந்தாக" என்றார். பழைய குழாய் டிவியில் இதே டிஸ்க் நன்றாகத்தான் ஓடியது. ப்ளூ-ரே பிளேயர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். அமெரிக்காவில் இருக்கும் தம்பி அங்கிருந்தே ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறான். என்ன செய்யலாம்?
- வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் அப்பத்தா கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கண் பொய் சொல்லவில்லை. 2004 வாக்கில் கல்யாண வீடியோக்களைப் பெரும்பாலும் 4:3 அளவில்தான் எடுத்தார்கள். பழைய குழாய் டிவியின் அளவும் அதுதான். உங்கள் புது டிவி 16:9. அந்தச் சதுரமான படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பினால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார்கள். டிவி ரிமோட்டில் படத்தின் அளவு என்று இருக்கும் இடத்தில் 4:3 வையுங்கள். இரண்டு ஓரத்திலும் கருப்புப் பட்டை வரும், வரட்டும். ஐயா பழையபடி ஒல்லியாகிவிடுவார். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது அந்த மின்னல். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான், காரணம் சேலைதான். மஞ்சள் ஒயர் ஒன்றே ஒன்று. படத்தின் வெளிச்சம், நிறம் இரண்டும் அந்த ஒரே கம்பிக்குள் ஒன்றாகக் கலந்து போகின்றன. நம் ஊர் முறையில் நிறத்தைச் சுமக்கும் அலை 4.43 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. படத்திலுள்ள மிக நுணுக்கமான கோடுகளும் அதே இடத்தில்தான் வந்து விழும். இரண்டையும் மறுபடி பிரிக்கிற வேலை டிவிக்கு. நெருக்கமான கட்டங்களைப் பார்த்ததும் அது நிறம் என்று ஏமாந்து, இல்லாத பச்சையும் ஊதாவும் பூசிவிடுகிறது. கண்டாங்கியின் சின்னக் கட்டமும் கழுத்துரு என்ற தாலி நகையின் நுண்ணிய வேலைப்பாடும் டிவியை ஏமாற்றவே செய்துவைத்தது போல இருக்கும். வெற்றுப் பட்டுச் சேலை கட்டியவர் பக்கத்திலேயே நின்றாலும் அவர் மேல் மின்னாது, கவனித்துப் பாருங்கள். டிஸ்கில் அந்தக் கோளாறு கிடையாது. அங்கே வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிந்திருக்கின்றன. பிளேயர்தான் ஒயருக்காக அவற்றைக் கலக்குகிறது.

ஆகவே மஞ்சள் ஒயரை முதலில் கழற்றி வையுங்கள். பிளேயரின் பின்பக்கம் எச்டிஎம்ஐ (HDMI) துளை இருந்தால் அதுவே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அது இல்லாமல் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று துளைகள் இருந்தால் அதுவும் நல்ல வழிதான். நிறம் தனியே போவதால் மின்னல் நின்றுவிடும். ஆனால் இப்போது வரும் டிவிகள் பலவற்றில் அந்த மூன்று துளைகள் இருப்பதில்லை. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒயர் வாங்குங்கள். எச்டிஎம்ஐ ஒயரில் விலைக்குத் தக்க தெளிவு என்று ஒன்று கிடையாது. ஒன்றரை மீட்டர் தூரத்துக்குச் சாதாரண ஒயரே போதும்.

இனி முக்கியமான இடம். உங்கள் டிஸ்கில் இருப்பது 720-க்கு 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். 4கே டிவியில் 3840-க்கு 2160, சுமார் 82.94 லட்சம். சரியாக 20 மடங்கு. திரையை முழுக்க நிரப்பினால் 20 புள்ளிகளில் ஒன்றுதான் டிஸ்க் கொடுத்தது, மீதி 19-ஐ யாரோ ஊகித்துப் போடுகிறார்கள். பழைய குழாய் டிவியில் இந்த ஊகமே கிடையாது. வந்த கோடுகளை வந்தபடியே சின்னத் திரையில் வரைந்துவிட்டுப் போனது. அதனால்தான் அங்கே நன்றாகத் தெரிந்தது.

கோடுகள் வருவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கேமரா ஒரு காட்சியை ஒரே வீச்சில் எடுப்பதில்லை. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், நொடியில் 50-இல் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படைக் கோடுகள். அதற்குள் மாலையைத் தூக்கிய கை கொஞ்சம் நகர்ந்திருக்கும். இரண்டு பாதியையும் அப்படியே ஒட்டினால் கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரியும். நகர்ந்த இடம் எது, அசையாமல் நின்ற இடம் எது என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பதுதான் திறமை. கோடு சேர்ப்பது, பிறகு புள்ளி பெருக்குவது என்று இந்த இரண்டு வேலைகளையும் பிளேயரும் செய்யும், டிவியும் செய்யும். படம் கெடுவது இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் செய்யும்போதுதான். மலிவான பிளேயர் படத்தை 1080 கோடுகளுக்கு விரித்து அனுப்பும். அதன் ஊகப் பிழைகளையும் நிஜம் என்று நம்பி டிவி 2160-க்கு மறுபடி விரிக்கும். சீப்புப் பல் இன்னும் பெரிதாகத் தெரியும்.

என் அனுபவத்தில், பெயர் பெற்ற கம்பெனிகளின் 4கே டிவிகள் இந்த வேலையை மலிவு டிவிடி பிளேயரைவிட நன்றாகச் செய்கின்றன. அதனால் பிளேயரின் செட்டிங்கில் எச்டிஎம்ஐ ரெசல்யூஷன் என்ற இடத்துக்குப் போய் ‘576i’ இருந்தால் அதை வையுங்கள். டிஸ்கில் உள்ளதை உள்ளபடி அனுப்பு என்று அர்த்தம். அது இல்லையென்றால் ‘576p’, அதாவது கோடுகளை மட்டும் சேர்த்து அனுப்புவது. 1080பி என்று பெரிய எண் இருக்கிறதே, அதை விடலாமா என்று மனசு அடித்துக்கொள்ளும். விடலாம். அந்த எண்ணால் டிஸ்கில் ஒரு புள்ளிகூடக் கூடாது. இன்னொரு லாபமும் உண்டு. 1080-இல் அனுப்பும்போது சில பிளேயர்கள் 4:3 படத்தைத் தாங்களே இழுத்து நிரப்பிவிடும், 576-இல் அனுப்பினால் அந்தத் தலையீடு இருக்காது. நல்ல ப்ளூ-ரே பிளேயராக இருந்தால் கதை மாறும். அதற்குள் விரிக்கும் சில்லு தரமாக இருக்கும், 1080பி வைத்தும் பாருங்கள். மாலை மாற்றும் காட்சியை ஒவ்வொரு முறையிலும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, கையின் ஓரத்தையும் சிவப்புச் சேலைக் கரையையும் மட்டும் கவனியுங்கள். டிவிடியில் வெளிச்சத்தைவிட நிறம் நான்கில் ஒரு பங்கு புள்ளியில்தான் பதிந்திருக்கிறது. அதைத் தப்பாக விரித்தால் முதலில் காட்டிக்கொடுப்பது சிவப்புக் கரைதான், படிக்கட்டு மாதிரி உடைந்து தெரியும். எந்த முறையில் கரை நேராக நிற்கிறதோ அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேயரில் இன்னொன்றும் பாருங்கள். டிவி சிஸ்டம் என்ற இடத்தில் நம் ஊர் டிவி முறையான ‘பால்’ (PAL) அல்லது ஆட்டோ இருக்க வேண்டும். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC) என்று இருந்தால் பிளேயர் 576 கோட்டை 480 ஆக நறுக்கி, நொடிக்கு 50-ஐ 60 ஆக மாற்றிவிடும். கேமரா மெல்லத் திரும்பும் இடங்களில் படம் இடித்து இடித்து நகரும்.

இந்த இடத்தில்தான் உங்கள் தம்பியின் யோசனை இடறுகிறது. அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் விற்கும் பிளேயர்கள் பல ‘பால்’ டிஸ்க்கை ஏற்பதே இல்லை, அந்த ஊருக்கு அது தேவையில்லை. உங்கள் கல்யாண டிஸ்க் ‘பால்’. எந்த நாட்டு சினிமா டிஸ்க் எந்தப் பிளேயரில் ஓடலாம் என்று பிரிக்கும் மண்டல எண், டிவிடியில் நமக்கு 5, அமெரிக்காவுக்கு 1. ப்ளூ-ரேயில் நமக்கு சி, அவர்களுக்கு ஏ. கல்யாண டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது என்றாலும் ‘பால்’ சிக்கல் அப்படியே இருக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால், பின்பக்கச் சீட்டில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கில் செருகாதீர்கள். 120 மட்டும் போட்டிருந்த ஒன்றைச் செருகி, புகையோடு என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு.

கடைக்காரர் சொன்ன ப்ளூ-ரே பிளேயர்? ப்ளூ-ரே டிஸ்க் வாங்கிப் படம் பார்க்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் வாங்குங்கள். அந்த டிஸ்கில் 1920-க்கு 1080 புள்ளி இருக்கிறது, இரண்டு அடுக்கு டிஸ்க் 50 ஜிபி கொள்ளும், உங்கள் டிவியின் அருமை அப்போது தெரியும். டிவிடியையும் அது ஓட்டும். ஆனால் இரண்டு கல்யாண டிஸ்க்குக்காக மட்டும் அவ்வளவு செலவு வேண்டாம். எச்டிஎம்ஐ உள்ள சாதாரண டிவிடி பிளேயர் போதும்.

பிளேயரே இல்லாமலும் ஒரு வழி உண்டு, நான் அதைத்தான் அதிகம் விரும்புகிறேன். கல்யாண டிஸ்கில் பூட்டு இல்லாததால் கம்ப்யூட்டரில் அப்படியே காப்பி எடுக்கலாம். லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடம் இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் கிடைக்கிறது. ‘மேக்எம்கேவி’ என்ற மென்பொருள் படத்தை மறுபடி அமுக்காமல், தரம் குறையாமல் ஒரே ஃபைலாக்கிக் கொடுக்கும். அந்த ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். டிவியின் யூஎஸ்பியில் செருகினால் விரிக்கும் வேலை முழுக்க டிவியிடமே போய்விடும். சில டிவிகள் பழைய டிவிடி ஃபைல்களை ஏற்காது, அதனால் பொங்கலுக்கு முன்னாலேயே ஓட்டிப் பாருங்கள். இந்தக் காப்பியை வேறு இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள். இப்படிக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து கொடுத்த டிவிடியில் படம் பதிந்திருப்பது ஒரு சாயப் பூச்சில். 20 வருடமாக வெயிலும் புழுக்கமும் பட்ட சாயம் எந்த நாளும் வெளுக்கலாம்.

டிவியின் செட்டிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்த ‘விவிட்’ முறையிலேயே பல வீடுகளில் டிவி ஓடுகிறது. அதில் அரக்குச் சேலை நியான் விளக்கு மாதிரி எரியும், மஞ்சள் பூசிய முகம் ஆரஞ்சாகும். சினிமா அல்லது மூவி முறைக்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். கூட்டினால் தெளிவு வருவதில்லை, ஆள் ஓரத்தில் வெள்ளைக் கோடுதான் வருகிறது. கருப்பு வேட்டிக்கரை சாம்பலாக வெளுத்தாலோ, கூந்தலில் இழையே தெரியாமல் மை அப்பியது போல இருந்தாலோ எச்டிஎம்ஐ பிளாக் லெவல் பொருந்தவில்லை என்று அர்த்தம். அதை ஆட்டோவில் விடுங்கள்.

டிவியை எங்கே வைக்கப் போகிறீர்கள்? வளவில், அதாவது முற்றம் உள்ள உள்கட்டில், முற்றத்தைப் பார்த்தபடி வைத்தால், மேலே திறந்த வானம் முழுக்கத் திரையில் தெரியும். ஆத்தங்குடிக் கல் பளபளப்பாக இருந்தால் கீழிருந்தும் வெளிச்சம் அடிக்கும். முற்றத்துக்குப் பக்கவாட்டில் திரை இருக்கும்படி பட்டாலை என்ற கூடத்தின் சுவர் ஓரமாக வைத்து, விளக்கேற்றிய பிறகு போடுங்கள். தூரமும் முக்கியம். 55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 27 அங்குலம். 576 கோட்டுப் படத்தை அதைப் போல ஆறு மடங்கு தள்ளி, அதாவது பதின்மூன்று அடிக்கு மேல் உட்கார்ந்து பார்த்தால் கோடும் கலங்கலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. அவ்வளவு நீளமான பட்டாலை உங்கள் ஊர் வீடுகளில்தான் உண்டு.

இத்தனை செய்தும் ஹோமப் புகையிலும் கூட்டத்திலும் கட்டம் கட்டமாக உடைந்தால் அது டிஸ்க்கின் குறை. 4.7 ஜிபி டிஸ்கில் இரண்டு மணி நேரம் அடக்கினால் நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் படத் தகவல் கிடைக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்திருந்தால் மூன்றரைதான். அதை எந்தப் பிளேயராலும் சரிசெய்ய முடியாது. ஆனால் 2004-இல் பல வீடியோக்காரர்கள் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான ‘மினி டிவி’ (MiniDV) கேமரா கேசட்டில் எடுத்தார்கள். அதில் படம் மட்டுமே நொடிக்கு 25 மெகாபிட். சில ஸ்டூடியோக்கள் அந்தக் கேசட்டை வீட்டிலேயே கொடுத்துவிடும். வீட்டுப் பெட்டகத்தில், ஆல்பங்களுக்கு அடியில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதை ஓட்டும் பழைய கேமராவும் அந்தக் கேமராவை இணைக்கும் ஃபயர்வயர் துளையுள்ள கம்ப்யூட்டரும் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் கொடுத்து நேரடியாகக் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். கேட்டு வாங்கும்போது மறுபடி அமுக்காத மூல ஃபைலாகவே கேளுங்கள், டிவிடியாக வேண்டாம்.