கவிதைக்கு விடுதலை கொடுத்தால் விதை எப்படி வரும்?

கேள்வி: அப்பாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. பேப்பரில் வரும் குறுக்கெழுத்துக் குறிப்புகளை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். சாதாரணக் குறுக்கெழுத்து எனக்கும் வரும். கிரிப்டிக், அதாவது சொல்லைப் பிரித்தும் மாற்றியும் விடை காணும் குறுக்கெழுத்து என்றால், ஒன்றும் விளங்குவதில்லை. போன கிழமை ‘கவிதைக்கு விடுதலை கிடைத்தால் முளைக்கும் (2)’ என்றொரு குறிப்பு. விடை ‘விதை’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அது எப்படி? வாட்ஸ்அப்பில் ஒருவர் கிரிப்டிக் சொற்பட்டியல் 1500 ரூபா என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வாங்க வேண்டாம், மகள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

‘விடுதலை’ என்பதைப் பிரித்து வாசியுங்கள்: விடு, தலை. கவிதையின் தலை ‘க’. அதை விட்டுவிட்டால் ‘விதை’. மண்ணில் போட்டால் முளைக்கும். அவ்வளவுதான்.

கிரிப்டிக் குறிப்புக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றது விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் முடிவில் இருக்கும். நடுவில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முழுக் குறிப்பையும் வாசிக்கும்போது வருகிற அழகான அர்த்தம் உங்களைத் திசை திருப்பவே போட்டது. கவிதை, சுதந்திரம், புதுக்கவிதை என்று மனம் ஓடினால் குறிப்பு எழுதியவர் சிரிப்பார்.

கட்டும் வழிகள் சில உண்டு. ‘நரகம் கலைந்தால் கடையும் சனமும் நிறைந்த இடம் (4)’. ‘கலைந்தால்’ என்பது எழுத்துகளை மாற்றி அடுக்கு என்ற கட்டளை; நரகம் நகரமாகிறது. ‘உரத்தின் பின்னே பேனாவுக்குள் ஊற்றுவது, பால் தரும் (3)’. எரு, மை: எருமை. நம் ஊர்த் தயிர்ச் சட்டியை நினைத்தாலே பாதி விடை வந்துவிடும். ‘வரச்சொல்லிக் கடலோரம் கூப்பிடும் ஊர் (3)’ என்றால் வா, கரை: வாகரை.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. பலர் இதில்தான் விழுகிறார்கள். ‘பழமரத்தை அடுத்துப் படை நிற்கும், காகித ஆலை ஊர் (5)’. பழமரம் வாழை, படை சேனை. சேனை என்றதும் நம் பக்கத்தில் முதலில் காட்டை வெட்டிச் செய்யும் பயிர்தான் ஞாபகம் வரும், அப்புறம் கிழங்கு. படை கடைசியில்தான் வரும். சரி, அதைத் தாண்டிவிட்டீர்கள். வாழை இரண்டு எழுத்து, சேனை இரண்டு எழுத்து, மொத்தம் நான்கு. அடைப்புக்குள் ஐந்து என்கிறதே? நடுவில் ஒரு ‘ச்’ வந்து புகுந்துகொண்டது. இரண்டு சொல் சேரும்போது தமிழில் இப்படி நடக்கும், குறிப்பில் அதற்குத் தனியாக வார்த்தை இருக்காது. கல்லடி என்ற ஊர்ப் பெயரையும் எடுத்துப் பாருங்கள். கல், அடி என்று பிரித்தாலும் நான்கு எழுத்து, சேர்த்தாலும் நான்கு எழுத்து. ஆனால் உள்ளே ‘அ’ மறைந்து இன்னொரு ‘ல’ வந்திருக்கிறது. நன்னூல் இதற்கெல்லாம் விதி சொல்கிறது. நீங்கள் அதைப் படிக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை ஒன்று கூடினால் ‘க், ச், த், ப்’ நடுவில் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள், போதும். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

இப்போது அந்த 1500 ரூபா. கிரிப்டிக்குக்கு வெறும் சொற்பட்டியல் உதவாது. விதை, நகரம், எருமை: இதில் எந்தச் சொல் அப்பாவுக்குத் தெரியாது? சொல் எல்லோருக்கும் தெரியும், வழிதான் தெரியாது. வழியைப் பழகித்தான் பிடிக்க வேண்டும். விற்பவர் ஏதோ ஓர் அகராதியைப் படம் பிடித்து அனுப்புவார், பிறகு உங்கள் நம்பரை இன்னொருவருக்குக் கொடுப்பார்.

அதே ஆள் நாளைக்குப் பரிசுப் போட்டி என்றும் வருவார். ‘வாழ்வில் முன்னேற இது தேவை: ப – ? – ம்’. பணமா, பலமா? இரண்டும் பொருந்தும். எது சரி என்பது கவருக்குள் பூட்டியிருக்கும். பணம் எழுதியவர்கள் கூட என்றால் விடை பலம் ஆகிவிடும். நுழைவுக் கட்டணம் அவர் பைக்குள். இந்தியாவில் இந்தக் கூத்து மிஞ்சிப்போய்த்தான் 1955இல் பரிசுப் போட்டிகளுக்கென்றே சட்டம் போட்டு, மாதப் பரிசு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றார்கள். ஒழுங்கான கிரிப்டிக்கில் இந்தச் சுத்துமாத்து நடக்காது. விடை சரியா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. இரண்டு பாதியும் ஒரே சொல்லில் வந்து முட்டினால் சரி, முட்டாவிட்டால் பிழை. ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் கட்டிய ஆங்கிலேயர் போன நூற்றாண்டிலேயே இதை வலியுறுத்தினார்: வாசகரைத் தவறாக நினைக்க வைக்கலாம், ஆனால் எழுதிய எழுத்து நியாயமாக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு வாசகி கடிதம் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எரிச்சல். சோதிடத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிற பேப்பர்களுக்கு, ‘விடு, தலை’ என்று இரண்டு சொல் சேர்த்துப் போட இடமில்லையாம். சில வேளை எழுத்து எண்ணிக்கையையே வெட்டிவிடுகிறார்கள். எண்ணிக்கை இல்லாத கிரிப்டிக் குறிப்பு வந்தால் தொடாதீர்கள், நேரம்தான் போகும்.

அப்பாவுக்கு வாசிக்கும்போது எண்ணிக்கையை முதலில் சொல்லுங்கள், பிறகு தெரிந்த எழுத்துகளைக் கட்ட வரிசைப்படி. குறிப்பை உணர்ச்சியோடு வாசிக்க வேண்டாம். கடைச் சாமான் பட்டியல் வாசிப்பது போல் ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு வாசியுங்கள். நீங்கள் ‘கவிதைக்கு விடுதலை’ என்று உணர்ச்சியோடு சொன்னால் அவர் காதில் சுதந்திரம்தான் விழும். நீளமான சொல் வந்தால் இரண்டாக உடைத்தும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

இன்று இரவே இதை அவரிடம் கேளுங்கள்: ‘காவல் நின்றான், பருகு என்றான், எந்த ஊர்? (6)’. உங்கள் வீட்டிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஏறினால் வழியில் வரும்.