கலங்கினால் கலைத்துப் பாருங்கள்

சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் வழக்கமான குறுக்கெழுத்தோடு கிரிப்டிக், அதாவது விடையைக் குறிப்புக்குள்ளேயே ஒளித்து வைக்கும் குறுக்கெழுத்து, ஒன்றும் வருகிறது. வந்த கடிதங்களில் பாதி சந்தேகம், பாதி வசவு. வசவுகளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன். சந்தேகங்களுக்கு இங்கே பதில்.

கே: சாதாரணக் குறுக்கெழுத்தைக் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். உங்கள் கிரிப்டிக்கில் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. "பந்தியில் இனிப்பது, யமன் தலையைச் சுற்றிய பாசம் (4)" என்றால் என்னதான் அர்த்தம்? எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகி, கும்பகோணம்)

ப: அர்த்தம் தேடுவதை நிறுத்துவதிலிருந்து ஆரம்பியுங்கள் அம்மா. சாதாரணக் குறிப்பு விடையின் பொருளைச் சொல்லும், அவ்வளவுதான். கிரிப்டிக் குறிப்பில் ஒரே விடைக்கு இரண்டு வழி இருக்கும். ஒன்று நேர்ப்பொருள். அது குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் முடிவில் இருக்கும். நடுவில் ஒருபோதும் ஒளிந்திருக்காது. மிச்சமுள்ள சொற்கள், அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டுவதற்கான செய்முறை.

நீங்கள் கேட்ட குறிப்பைப் படித்ததும் மார்க்கண்டேயன், சிவலிங்கம், பாசக்கயிறு எல்லாம் கண் முன்னால் வந்திருக்கும். வரவேண்டும் என்றுதான் எழுதினேன். வந்ததை அப்படியே ஓரம்கட்டிவிட்டுச் சொற்களை மட்டும் பாருங்கள். "யமன் தலை" என்றால் யமன் என்ற சொல்லின் முதல் எழுத்து, அதாவது "ய". "சுற்றிய" என்றால் ஒன்று வெளியே, மற்றது உள்ளே. எது சுற்றுகிறது? "பாசம்". அது கயிறா அன்பா என்று யோசிக்கவே வேண்டாம். பா, ச, ம் என்று மூன்று எழுத்து, அவ்வளவே. அந்த மூன்றுக்குள் "ய"வை நுழைத்தால் பா-ய-ச-ம். பந்தியில் இனிப்பது. அடைப்புக்குள் 4 என்றது கட்டங்களின் எண்ணிக்கை. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு.

பாருங்கள், இந்தக் குறிப்பில் வீணாக ஒரு சொல்லும் இல்லை. நல்ல குறிப்புக்கு அடையாளம் அதுதான். விடை கிடைத்த பிறகும் ஏதாவது ஒரு சொல் வேலையில்லாமல் நின்றால், ஒன்று உங்கள் விடை தப்பு, அல்லது குறிப்பு எழுதியவர் சோம்பேறி.

கே: "தவிலை மாற்றி வாசித்த நாயகி (3)". தவில் வாசித்த பெண் கலைஞர்கள் யார் யார் என்று ஊரெல்லாம் விசாரித்துவிட்டேன். விடை "தலைவி" என்று போட்டிருக்கிறீர்கள். தலைவிக்கும் தவிலுக்கும் என்ன சம்பந்தம்? இது வாசகரை ஏமாற்றும் வேலை. (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திண்டுக்கல்)

ப: ஐயா, சம்பந்தம் எழுத்தில் இருக்கிறது. "தவிலை" என்பதில் த, வி, லை. அதை "மாற்றி வாசித்தால்" த, லை, வி. நாயகி என்பது நேர்ப்பொருள். ஏமாற்றினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பொய் சொல்லவில்லை. மாற்றி வாசிக்கச் சொன்னேன். நீங்கள் தவிலை வாசித்தீர்கள்.

இப்படி ஒவ்வொரு உத்திக்கும் ஜாடை காட்டும் சொற்கள் உண்டு. கலங்கிய, குழம்பிய, சிதறிய, தாறுமாறான, ஆடிய என்று வந்தால் பக்கத்தில் இருக்கும் சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கலைத்துப் பாருங்கள். திரும்பிய, புரண்ட என்றால் பின்னாலிருந்து படிக்க வேண்டும். "திபெத்தின் துறவி, திரும்பி வந்த மாலா (2)" என்பது லாமா. இடையில், உள்ளே, மறைந்த என்றால் விடை அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது, சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் கண்ணை மறைக்கிறது. "அம்மா விளக்கும்போது இடையில் வந்த அம்மன் வேண்டுதல் (5)" நினைவிருக்கிறதா? "அம்மா விளக்கும்போது" என்பதை இடைவெளி விடாமல் எழுதிப் பாருங்கள். மாவிளக்கு எரியும்.

ஒவ்வொரு குறிப்பையும் முதலில் என் மனைவியிடம்தான் வாசித்துக் காட்டுவேன். மாவிளக்கைக் கேட்டுவிட்டு, "நான் விளக்குகிற பாத்திரத்தை ஒரு நாளாவது நீங்கள் விளக்கியதுண்டா" என்றாள். அன்றே அந்தக் குறிப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். கதை மனசில் அவ்வளவு சரியாக உட்கார்ந்தால், அதன் உள்ளே இருப்பது சுலபத்தில் தெரியாது.

கே: தி இந்து ஆங்கில நாளிதழின் கிரிப்டிக்கைப் பல வருடங்களாகப் போட்டு வருகிறேன். அந்தப் பழக்கம் தமிழுக்கு உதவுமா? (வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூர்)

ப: குறிப்பைப் பிரித்துப் பார்க்கும் புத்தி அப்படியே உதவும். எழுத்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மறக்க வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் 26 எழுத்து, அதனால் நீளமான சொற்றொடரைக் கூடக் கலைத்து இன்னொரு சொற்றொடர் ஆக்கிவிடலாம். நம்மிடம் 247. "கா"வும் "கி"யும் வேறு வேறு கட்டம் என்பதால் கலைத்துப் போடுவது பெரும்பாலும் மூன்று நான்கு எழுத்தோடு நின்றுவிடும். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆங்கிலத்தில் ஒரு பழைய குறிப்பு: எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ என்று எட்டு எழுத்தை வரிசையாகப் போட்டு (5) என்று நிறுத்திவிடுவார்கள். எச் முதல் ஓ வரை, அதாவது "எச் டு ஓ", தண்ணீரின் வேதியியல் குறியீடு போல ஒலிக்கும்; விடை தண்ணீருக்கான ஆங்கிலச் சொல். அந்த வேலை இங்கே நடக்காது.

ஆனால் அங்கே இல்லாத வசதிகள் இங்கே உண்டு. முதலாவது கட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி எழுத்தில் தொடங்காது அல்லவா? ஆகவே குறுக்கே போகும் விடையின் ஒரு கட்டத்திலிருந்து நெடுக்கு விடை தொடங்கினால், அந்தக் கட்டத்தில் க், ம், ல் எதுவும் வர முடியாது. ட, ண, ழ, ள, ற, ன வரிசைகளும் அநேகமாகக் கிடையாது (டீ, டாக்டர் மாதிரி வந்தவர்கள் விதிவிலக்கு). குறிப்பைப் படிப்பதற்கு முன்பே பாதி எழுத்துகளைத் தள்ளிவிடலாம். இன்னொரு பக்கம், நம் பெயர்ச்சொற்களில் ஏகப்பட்டவை "ம்"மில் முடியும். நீளமான விடை என்றால் கடைசிக் கட்டத்தில் பென்சிலால் லேசாக "ம்" போட்டு வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவன். சொல்லைப் பொருள் பார்க்காமல் எழுத்தெழுத்தாகப் பார்க்கும் கெட்ட பழக்கம் அங்கே வந்தது. புதிர் போட அது போதும்.

இரண்டாவது வசதி, தமிழ் எண்கள். ஆங்கிலத்தில் ரோமன் எண்ணை வைத்து ஐந்துக்கு வி, பத்துக்கு எக்ஸ் என்று எடுப்பார்கள். நமக்கு ஒன்று என்றால் க, இரண்டு என்றால் உ, எட்டு என்றால் அ, பத்து என்றால் ய. கால் என்றால் வ. "எட்டேகால் லட்சணமே" என்று ஔவையார் திட்டியதாகச் சொல்வார்களே, அதை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: அ, வ, லட்சணமே. அதை அப்படியே கட்டத்தில் போட்டால் இன்றைக்கும் முதல் தரமான குறிப்பு.

கே: இந்த வக்கிரத்தை முதலில் கண்டுபிடித்தது யார், சார்? (கல்லூரி மாணவர், வேலூர்)

ப: குறுக்கெழுத்தை மட்டும் கேட்டால், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டார். அதில் நேர்க்குறிப்புகள்தான். வக்கிரம் என்றீர்களே, அது இங்கிலாந்தில் சேர்ந்தது. எட்வர்ட் பவிஸ் மேதர்ஸ் என்ற மொழிபெயர்ப்பாளர் 1926இல் அப்சர்வர் வார இதழில் புதிர் போடத் தொடங்கினார். வைத்துக்கொண்ட புனைபெயர் டார்கெமாடா. ஸ்பெயினில் சித்திரவதைக்குப் பேர்போன மத விசாரணை அதிகாரியின் பெயர். நோக்கத்தை மறைக்கவில்லை பாருங்கள். இந்த ஆட்டத்துக்கு நியாயம் சொன்னவர் அப்ரிட் என்ற புனைபெயரில் எழுதிய ரிட்சி. புதிர்க்காரன் சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்றாக இருக்கலாம், ஆனால் நினைப்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. திண்டுக்கல் ஐயாவுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான். 1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராப் அலுவலகத்தில் 12 நிமிடத்தில் புதிரை முடிக்க ஒரு போட்டி வைத்தார்கள். கலந்துகொண்ட சிலருக்குப் பிறகு கடிதம் வந்தது, ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க் வேலைக்கு.

இதெல்லாம் சரி தம்பி, ஆனால் தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலைத் திறந்தால் நம்மவர்கள் எவ்வளவு முன்னால் இதே ஆட்டம் ஆடியிருக்கிறார்கள் என்று தெரியும். எழுத்தை வைத்து வித்தை காட்டும் சித்திரகவியில் வினாவுத்தரம் என்று ஒரு வகை. பூமகள் யார்? திரு. புறப்படுகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சண்டையில் விடும் சரத்துக்குப் பெயர்? அம்பு. அழகுக்குப் பெயர்? அம். கடைசிக் கேள்வி, பிறைசூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது? நான்கு விடைகளையும் ஒட்டிப் பாருங்கள்: திருவேகம்பம். துண்டு துண்டாகச் செய்முறை, முடிவில் நேர்ப்பொருள். என்னுடைய "மலரை ஒட்டி நின்ற தூணால் நிலநடுக்கம் (5)" என்பதும் இதே தையல்தான். பூவும் கம்பமும் சேர்ந்தது. அந்தப் பட்டியலில், முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்று உண்டு, ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை ஒளிக்கும் வகையும் உண்டு. கட்டம் மட்டும்தான் வெளியூர்ச் சரக்கு.

கே: "களத்தில் குவிந்தது, களத்தில் மூண்டது (2)". செய்முறையே இல்லையே? (மன்னார்குடி)

ப: செய்முறைக்குப் பதிலாக இரண்டு நேர்ப்பொருள். நெற்களத்திலும் போர், போர்க்களத்திலும் போர். வைக்கோலையும் யானையையும் ஒரே வெண்பாவில் கட்டிய காளமேகத்துக்கு இது பால பாடம்.

கே: "பாடத்தில் காலை எடுத்தால் ஓவியம் (3)". எழுத்தையே வெட்டலாமா? (தஞ்சாவூர்)

ப: துணைக்காலை எடுத்தால் பாடம், படம் ஆகிறது. ஆங்கிலப் பழக்கமுள்ளவர்கள் இதை முறையில்லை என்பார்கள். சித்திரகவியில் மாத்திரைச் சுருக்கம் என்று இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது; நான் அந்தக் கட்சி. ஆனால் ஒரே கட்டத்தில் கால் ஓரிடத்தில் துணைக்காலாகவும், ஓரிடத்தில் "வ"வாகவும், ஓரிடத்தில் கடைசி எழுத்தாகவும் வந்தால் அது அராஜகம். ஒரு புதிருக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கே: கூகுளில் தேடலாமா? (சேலம்)

ப: தாராளமாக. நான் போலீஸ் இல்லை.

கே: நானே ஒன்று எழுதினேன். "தலையில்லாத குதிரை கடலில் (2)". விடை திரை. தேறுமா? (வாசகி, நாகர்கோவில்)

ப: பாதிக்கு மேல் தேறும். குதிரையின் முதல் எழுத்தை எடுத்தால் திரை, செய்முறை கச்சிதம். இடிப்பது நேர்ப்பொருள். "கடலில்" என்று சொன்னால் அது திரை ஆகிவிடாது. கடலில் மீனும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. "கடலில் எழும்புவது தலையில்லாக் குதிரை (2)" என்று திருப்பிப் போடுங்கள். நேர்ப்பொருள் முன்னால் வந்துவிட்டது, அலை மேல் ஒரு முண்டக் குதிரை பாய்வது போலக் காட்சியும் கிடைக்கிறது. நாகர்கோவில்காரருக்குக் கடல் வேண்டாம், சினிமா போதும் என்றால் "படம் காட்டுமிடம் தலையில்லாக் குதிரை" என்றும் எழுதலாம். எனக்குக் கடல்தான் பிடித்திருக்கிறது. எது வேண்டும் என்று இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் எழுதுங்கள் அம்மா. அடுத்த இதழில் நெடுக்கு 7 இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.