ஏர் ரைஃபிள் ஸ்கோப்பில் குறுக்குக் கோடு வளைந்தும் இரட்டையாகவும் தெரிகிறது. ஸ்கோப்பை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். தண்டையார்பேட்டையில் மொட்டை மாடியில் 10 மீட்டருக்குச் சுடுவதாகவும், ஸ்கோப் 3-9×40 (3 முதல் 9 மடங்கு பெருக்கம், 40 மி.மீ. முன் லென்ஸ்) என்றும், துப்பாக்கி ஸ்பிரிங் வகை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு கண்ணிலும் இருக்கலாம், செட்டிங்கிலும் இருக்கலாம்.

துப்பாக்கியில் பெல்லட் (குண்டு) இல்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றுங்கள். கழற்றியதும் கோடு நேரானால் ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கின் திருகுகள் ஸ்கோப் குழாயை நெரித்திருக்கின்றன. மேல்மூடித் திருகுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். எல் கீயை முழுக்கை பலத்தில் திருகினால் அதைத் தாண்டிவிடும். மாட்டும்போது ரிங்கின் மேல்மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும்.

கழற்றியும் வளைவு போகவில்லையா? போன் கேமராவை ஐபீஸுக்கு (கண் வைக்கும் பக்க லென்ஸ்) பின்னால் மூன்று அங்குலத்தில் பிடித்து, கோட்டின் மேல் ஃபோகஸ் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் கோடு சுத்தமாக இருந்தால் ஸ்கோப் நன்றாக இருக்கிறது, கண்ணில் சிலிண்டர் பவர் (அஸ்டிக்மேடிசம்) இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடி போட்டுப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரியும் ரெட்டிகிள் (குறுக்குக் கோடு) நட்சத்திரமாகச் சிதறினால் வெளிச்சத்தையும் குறையுங்கள்.

அடுத்து ஐபீஸ் ஃபோகஸ். வெள்ளைச் சுவரையோ வடக்கு வானத்தையோ பாருங்கள். காலையில் கடல் பக்கம் சூரியன் இருக்கும், அங்கே திருப்பவே கூடாது. இரண்டு விநாடி பார்த்துக் கண்ணை எடுத்து, வளையத்தைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி பாருங்கள். தொடர்ந்து பார்த்தால் கண் தானே சரிக்கட்டிக்கொள்ளும், அளவு தப்பாகிவிடும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகச் சந்தேகம் பேரலாக்ஸ் மேல்தான், அதாவது இலக்கின் பிம்பமும் கோடும் ஒரே தளத்தில் விழாத கோளாறு. சாதாரண ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கஜத்துக்கு அமைத்திருப்பார்கள். 10 மீட்டரில் 9 மடங்கு வைத்தால் இலக்கு மங்கும். கண் இலக்குக்கும் கோட்டுக்கும் மாறி மாறி ஃபோகஸ் செய்யப் போராடும்போது கோடு இரட்டையாகத் தெரியும். தலையை லேசாக அசைத்தால் கோடு இலக்கின் மேல் நகர்கிறதா? அப்படியானால் இதுதான். 3 அல்லது 4 மடங்குக்கு இறக்குங்கள். முன் லென்ஸில் தூர வளையம் உள்ள மாடலாக இருந்தால் 10 கஜத்துக்குத் திருப்புங்கள்.

டரெட்டை (குறியை மேல்-கீழ், இடம்-வலம் நகர்த்தும் குமிழ்) ஒரு கோடிவரை திருப்பியிருந்தாலும் படம் கோணலாகும். முன் லென்ஸை முகம் பார்க்கும் கண்ணாடியோடு சேர்த்து வைத்து, குறைந்த மடங்கில் பாருங்கள். இரண்டு ரெட்டிகிள் தெரிந்தால், ஒன்றாகச் சேரும்வரை டரெட்டுகளைத் திருப்புங்கள். பிறகு மறுபடி ஜீரோ செய்ய (குண்டு படும் இடத்தோடு குறியைப் பொருத்த) வேண்டியிருக்கும்.

ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் இழுக்கும். இரண்டையும் தாங்காத ஸ்கோப்பில் கம்பி ரெட்டிகிள் தளரும், சுழலும், அறுந்தும் போகும். உள்ளங்கையால் மெதுவாகத் தட்டும்போது கோடு ஆடினால் சர்வீஸ்தான். புதிதாக வாங்கினால் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு என்றே குறிப்பிட்ட, கண்ணாடியில் செதுக்கிய ரெட்டிகிள் உள்ளதாகப் பாருங்கள்.

தயவுசெய்து வீட்டில் பிரிக்காதீர்கள். உள்ளே அடைத்த நைட்ரஜன் போய்விடும், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துக் கடல் ஈரம் புகும். பிறகு லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்து, பூச்சையே அரித்துவிடும். ஃபோம் பையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள்.