வாசகர் கேள்வி – பதில்: பெரு நாட்டைத் தரைவழியே சுற்றிவர

கேள்வி: நானும் என் மனைவியும் மூன்று வாரங்கள் பெரு நாட்டைச் சுற்றிப்பார்க்க விரும்புகிறோம். உள்நாட்டு விமானங்களைத் தவிர்த்துப் பேருந்திலும் ரயிலிலுமே செல்ல ஆசை. லிமாவில் இறங்கிய மறுநாளே பேருந்தில் குஸ்கோ சென்று, மச்சு பிச்சுவை முதலில் பார்த்துவிட்டு, டிட்டிகாக்கா ஏரி, அரெக்கிப்பா, நாஸ்கா வழியாக லிமாவுக்குத் திரும்பலாம் என நினைக்கிறோம். இத்திட்டம் சரிவருமா?

பதில்: இடங்களின் தேர்வு அருமை, வரிசையை மட்டும் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். பெருவில் இரண்டு ஊர்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதற்கு முன், ஒவ்வோர் ஊரும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லிமா கடலோர நகரம். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேராகச் செல்லும் பேருந்து ஏறத்தாழ ஒரு முழு நாள் ஓடி, இடையில் 4,000 மீட்டருக்கும் மேலான மேட்டுநிலங்களைக் கடந்து உங்களை அங்கே இறக்கிவிடும். உடல் அந்த மெல்லிய காற்றுக்குப் பழக அவகாசமே இராது. அங்குள்ளவர்கள் சொரோச்சே என்று அழைக்கும் உயர நோய் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எனத் தொடங்கிப் பயணத்தின் முதல் நாட்களைப் பறித்துக்கொள்ளும். வயதோ உடற்பயிற்சியோ இதிலிருந்து காக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆகவே லிமாவிலிருந்து பான் அமெரிக்கன் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிச் செல்லுங்கள். குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் மழைமேகங்கள் உருவாகவிடாமல் தடுப்பதால் இக்கடற்கரை முழுவதும் பாலைவனம். ஒருபுறம் மணல்மேடுகள், மறுபுறம் பசிபிக் பெருங்கடல் எனச் சாலை நீளும். கடலோர ஊரான பாராக்காஸில் ஓர் இரவு தங்கி நாஸ்காவுக்குச் செல்லலாம். அங்கே பாலைவனத் தரையில் பழங்கால மக்கள் வரைந்த மாபெரும் கோட்டோவியங்களை முழுமையாகக் காணச் சிறு விமானம்தான் வழி என்றாலும், நீங்கள் விமானத்தைத் தவிர்ப்பதால் நெடுஞ்சாலையோரப் பார்வைக் கோபுரத்தின் மீது ஏறுங்கள். கைகள், மரம் ஆகிய இரு உருவங்கள் அங்கிருந்து தெளிவாகத் தெரியும். அருகிலேயே பல்லியின் உருவத்தை நெடுஞ்சாலை குறுக்கே வெட்டிச் செல்வதையும் காண்பீர்கள்; பாலைவனத் தரையில் மேல்படிந்த கற்களை அகற்றி வரைந்த கோடுகள் எவ்வளவு எளிதில் அழியக்கூடியவை என்பது அப்போது மனத்தில் உறைக்கும்.

அடுத்து அரெக்கிப்பா. சுமார் 2,300 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் மூன்று இரவுகளாவது தங்குங்கள். வெண்ணிற எரிமலைக் கல்லால் எழுந்த கட்டடங்களைப் பார்த்து நடப்பதற்குள் உடலும் பழகத் தொடங்கிவிடும். அங்கிருந்து கொல்கா பள்ளத்தாக்கிலுள்ள சிவாய்க்குச் செல்லும் சாலை, ஒட்டக இனத்தைச் சேர்ந்த விக்குன்யாக்கள் மேயும் புல்வெளிகளைத் தாண்டி, சுமார் 4,900 மீட்டர் உயரமுள்ள பாத்தாபாம்பா கணவாயைக் கடக்கிறது. அவ்விடத்தில் உங்கள் பையிலுள்ள சிப்ஸ் பொட்டலம் வெடித்துவிடுவதுபோல் உப்பியிருக்கும். வண்டியை விட்டு இறங்கிப் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும். அங்கே நின்று படமெடுக்கலாம், ஓடவோ அவசரப்படவோ கூடாது. சிவாயில் இரவு தங்கியபின் 3,800 மீட்டருக்கு மேலுள்ள புனோவுக்கும், டிட்டிகாக்கா ஏரியைப் பார்த்துவிட்டு லா ராயா கணவாய் வழியாகக் குஸ்கோவுக்கும் செல்லுங்கள். இந்த இரு கட்டங்களையும் பகலிலேயே கடப்பது நல்லது. மலைச்சாலையில் இரவுப் பேருந்து ஆபத்து மிகுந்தது என்பதோடு, எந்தக் காட்சிக்காகத் தரைவழியைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதுவும் இருளில் கைநழுவிப் போகும்.

மச்சு பிச்சு குஸ்கோவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் தாழ்வானது என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வதில் உடலுக்கு நன்மையே. அதன் அடிவாரத்திலுள்ள ஆகுவாஸ் காலியெந்தெஸுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. குஸ்கோ பகுதியிலுள்ள ஒயாந்தாய்தம்போ என்ற ஊரிலிருந்து ரயிலில் செல்ல வேண்டும், அல்லது ஹிட்ரோஎலெக்ட்ரிகா என்ற நீர்மின் நிலையம் வரை வேனில் சென்று தண்டவாளத்தை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். நுழைவுச்சீட்டு குறிப்பிட்ட நேரத்துக்கும் குறிப்பிட்ட சுற்றுப்பாதைக்கும் உரியது. அதைச் சில மாதங்களுக்கு முன்பே வாங்கிவிட்டு மற்ற நாட்களை அதையொட்டி அமைத்துக்கொள்ளுங்கள்.

கோகா இலைத் தேநீர் இதமளிக்கும், ஆனால் அது மருந்துக்கு ஈடாகாது. உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஏற்றதா என்று புறப்படும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காலைவரை காத்திராமல் உடனே தாழ்வான இடத்துக்கு இறங்கி மருத்துவ உதவி பெற வேண்டும்.

கேள்வி: எங்களுக்குப் பிப்ரவரியில்தான் விடுப்பு கிடைக்கும். அப்போது செல்லலாமா?

பதில்: கடற்கரைக்குச் செல்லலாம், அப்போது அங்கே கோடைக்காலம். மலைப்பகுதிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கு மழைக்காலம், நிலச்சரிவில் சாலைகள் துண்டிக்கப்படுவது வழக்கம். 2010 ஜனவரியில் வெள்ளம் ரயில் பாதையை அரித்துச் சென்றபோது மச்சு பிச்சு அடிவாரத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க நேர்ந்தது. மச்சு பிச்சுவுக்கு நடந்து செல்லும் இன்கா பாதையும் பிப்ரவரி முழுவதும் பராமரிப்புக்காக மூடப்படும். விடுப்பை மே மாதத்துக்கோ செப்டம்பருக்கோ மாற்ற முயலுங்கள். எந்த மாதமானாலும் இரண்டு நாட்களை ஒதுக்கி வையுங்கள். தெற்கு மலைப்பகுதியில் போராட்டக்காரர்கள் சாலையை மறித்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: அமேசான் காட்டைப் பார்க்க இக்கித்தோஸுக்குப் பேருந்து உண்டா?

பதில்: இல்லை. நாட்டின் பிற பகுதிகளோடு அந்நகரைச் சாலை இணைக்கவில்லை. ஆற்றுத் துறைமுகமான யூரிமாகுவாஸ் வரை சாலையில் சென்று, சரக்குப் படகில் ஊஞ்சல்துணி கட்டிப் படுத்தபடி இரண்டு மூன்று நாட்கள் ஆற்றில் செல்லலாம். அருமையான பயணம்தான், ஆனால் மூன்று வாரத் திட்டத்தில் அடங்காது. அதற்குப் பதிலாகக் குஸ்கோவிலிருந்து பேருந்தில் புவெர்ட்டோ மால்டொனாடோவுக்குச் செல்லுங்கள். 4,700 மீட்டரைத் தாண்டிய கணவாயிலிருந்து 200 மீட்டர் உயரமே உள்ள மழைக்காட்டுக்கு ஒரே நாளில் இச்சாலை இறங்குகிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.